ஒரே தொட்டித் தண்ணீர்

கோழியக்காவை அவளுடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். கல்யாணமாகி வந்த வருடத்திலேயே கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தவள். அன்று முதல் தெருவில் சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவள் கோழியக்காதான். அவள் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தராசு. கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கியதுமே எடையைச் சொல்லிவிடுவார். நிஜத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு பிடி தீனி அளவுக்குத்தான் முன்னே பின்னே இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம். எல்லாவற்றையும் எடை போடுகிற மனுஷனுக்கு அந்தக் கனம் மட்டும் கணக்கில் வராது என்பாள் கோழியக்கா.

வீட்டை ஒட்டியே கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பி வலை, அதன்மேல் கீழிருந்து ஏற்றி மூடும் படுதா, தரையில் உமி. பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சுகளைக் கம்பெனி வண்டி கொண்டுவந்து இறக்கும். தீனியும் மருந்தும் கம்பெனியே கொடுக்கும். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் பாடு.

கொட்டகையின் தலைமாட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி உயரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் கோழிகளுக்குப் போயிற்று. கிளை பிரிந்த இன்னொன்று சமையலறைக்கு வந்தது. வீடு கட்டும்போது, "ரெண்டு தொட்டி எதுக்குக்கா? தண்ணி ஒண்ணுதானே" என்று குழாய்க்காரர் சொன்னார். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

கம்பெனி கொடுக்கும் மருந்துகளில் ஒன்று பெரிய டப்பாவில் வரும் மஞ்சள் நிறப் பொடி. குஞ்சு வந்ததும் அதைத் தொட்டியில் கலப்பார்கள். மழை வந்தால் கலப்பார்கள், வெயில் ஏறினால் கலப்பார்கள். பக்கத்துப் பண்ணையில் ஒரு கோழி தும்மியது என்று காதில் விழுந்தாலும் கலப்பார்கள். நோய் வந்த பிறகுதான் மருந்து என்ற வழக்கமே அந்தத் தொழிலில் இல்லை. வராமலிருக்க மருந்து, எடை ஏற மருந்து, மனசு ஆற மருந்து. கலக்கிய அன்று சமையலறைக் குழாயிலும் தண்ணீர் இளமஞ்சளாக வரும். அதை அவர்கள் மருந்து நாள் என்பார்கள். கோழியக்கா அந்தத் தண்ணீரிலேயே சமைத்தாள், அதையே குடிக்கவும் வைத்தாள். "கோழிக்கு ஆகறது நமக்கு ஆகாதா? நம்ம வீட்டுல யாராவது சளின்னு படுத்திருக்காங்களா?" என்று கேட்பாள். யாரும் படுத்ததில்லைதான். அதனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தராசுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். மாத்திரை நினைவிருந்தால் போடுவார். பாதத்தில் உணர்ச்சி மழுங்கிப்போய்விட்டது, ஆனால் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். தேய்ந்த ரப்பர் செருப்போடு உமிக்குள் நடப்பார். ஒருநாள் கோழியக்கா தீனி போட்டுக்கொண்டு வரும்போது உமியின்மேல் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. கோழிக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று தொடர்ந்து போனாள். பொட்டுகள் புருஷனிடம் போய் முடிந்தன. தீனித் தட்டின் தகர விளிம்பு அவர் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஆழமாகக் கிழித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரைக்காரனின் பாதத்துக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் கண்தான் பேசவேண்டும், அவர் கண்ணோ எப்போதும் கோழிமேல் இருந்தது.

கோழியக்கா சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் புண்ணைக் கழுவித் துணி கட்டினாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அது கேட்கவில்லை என்றதும் கடைக்காரர் வேறொன்று கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை. விரல் கறுத்து வாடை வரத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். புண்ணிலிருந்து சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"கோழி வளர்க்கறோம்."

"உங்க புண்ணுல இருக்கற கிருமி சாதாரணமா நாங்க எழுதற மருந்து எதுக்கும் மசியல. ஒரே ஒரு ஊசி மட்டும் அதுக்கு எதிரா வேலை செய்யுது. கோழிப் பண்ணையில மருந்து அதிகமா ஓடற இடத்துல இந்த மாதிரி பார்க்கறோம். அங்கிருந்துதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா சந்தேகம் இருக்கு."

தராசுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க டாக்டரம்மா."

"குஞ்சு சாகாது. நீங்க குஞ்சு இல்லையே" என்றார் டாக்டர். "சுண்டு விரல் போயாகணும். அது அழுகிடுச்சு. ஊசி வேலை செஞ்சு, புண் சுத்தமா மூடினா, பாதம் தங்கும். மறுபடி சீழ் பிடிச்சு, அந்த ஊசியும் கேக்காமப் போச்சுன்னா, அதுக்கப்புறம் என் கையில இருக்கறது கத்திதான். பாதத்தோட எடுக்க வேண்டிவரும்."

தராசு அறையை விட்டு வெளியே வந்தார். வராந்தாவில் உட்கார்ந்ததும், "ஒரு விரல் என்ன எடை இருக்கும்?" என்று கேட்டார்.

"நீங்கதான் தராசு. நீங்களே சொல்லுங்க" என்றாள் கோழியக்கா. குரல் பிசிறாமல் சொல்லிவிட்டு, குனிந்து அவர் செருப்பைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அதைக் குப்பையில் போட்டாள்.

விரல் போயிற்று. ஊசி நரம்பில் ஏறியது. காய்ச்சல் விட்டது, சிவப்பு குறைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, கட்டு மாற்ற நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கே வருவாள் என்று ஏற்பாடு செய்தார்கள்.

நர்ஸம்மா கனத்த உடம்புக்காரி, ஆனால் கை வேகம். தோளில் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முதல் வேலையாகக் கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டாள். கோழியக்கா சமையலறையைக் காட்டினாள். நர்ஸம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துக் குழாயைத் திறந்தாள். அப்படியே கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தண்ணி இந்த நிறத்துல வருது?"

"இன்னைக்கு மருந்து நாளும்மா. காலையிலதான் கோழிக்குக் கலக்கினேன். தாராளமா கழுவுங்க."

"என்ன மருந்து?"

"கோழிக்குக் குடுக்கற மருந்துதான். அந்தத் தொட்டித் தண்ணிதான் இங்கயும் வருது."

நர்ஸம்மா நுரை வழியும் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "இதுலதான் சமைக்கறீங்களா?"

"குடிக்கறதும் இதுதான்."

"இவர் புண்ணை எதுல கழுவினீங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி?"

கோழியக்காவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. தான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாள் என்பதைச் சொல்ல ஒரு வாய்ப்பு. "அதுக்குன்னே மருந்து நாள்ல ஒரு குடம் பிடிச்சுத் தனியா மூடி வெச்சிடுவேன். அந்தத் தண்ணியிலதான் கழுவினேன். வேற தண்ணி படவிடல."

நர்ஸம்மா முழங்கையால் குழாயை மூடினாள். பெட்டியிலிருந்து தன் புட்டித் தண்ணீரை எடுத்துக் கையை அலசினாள். கட்டைப் பிரித்தாள், துடைத்தாள், புதிதாகக் கட்டினாள். எல்லாம் முடிந்தபின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கொட்டகையில எலிக்கு மருந்து வெப்பீங்களா?"

"வெக்காம? தீனி மூட்டை கிடக்குதே."

"கொஞ்சூண்டு மட்டும் வெச்சீங்கன்னா?"

"நோஞ்சான் எலி சாகும். தடியன் தின்னுட்டுத் தெம்பாச் சுத்துவான். அப்புறம் கொட்டகை பூரா அவன் பிள்ளைகுட்டிதான், எதை வெச்சாலும்..." கோழியக்கா பேச்சை நிறுத்தினாள். சமையலறைக் குழாயைப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"அதேதான்" என்றாள் நர்ஸம்மா. "தொட்டியில நீங்க கரைக்கறது கிருமியக் கொல்ற அளவு இல்ல, பழக்கற அளவு. பழகின கிருமி கோழி வயித்துல இருக்கு, உமியில இருக்கு. இவர் செருப்புல வந்திருக்கலாம், உங்க கையில வந்திருக்கலாம். உங்க வயித்துலயும் அதே மருந்தக் குடிச்சு வளர்ந்த கூட்டம் இருக்கலாம். நாளைக்கு உங்களுக்கே ஒண்ணுன்னா என்ன ஊசி போடுவாங்க?"

"அப்ப நான் கழுவினதுதான் அவர் விரலைத் தின்னுச்சா?"

"அப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்லல. இனிமே கழுவாதீங்கன்னு மட்டும் சொல்றேன். இந்தப் புண் மூடற வரைக்கும் அந்தப் பொடி தண்ணியில விழக்கூடாது. இவரும் கொட்டகைக்குள்ள போகக்கூடாது. நீங்க உள்ள போய்ட்டு வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவி, துணி மாத்திட்டுத்தான் இவரத் தொடணும். கோழிக்கு நிஜமாவே நோய் வந்தா கால்நடை டாக்டரக் கூப்பிடுங்க. அவர் சொன்னா, சொன்ன அளவு முழுசாக் குடுங்க. அது வேற, இது வேற."

அன்று அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். கோழியக்கா டம்ளரை நீட்டியபோது, "வேணாம்கா, தப்பா நினைக்காதீங்க" என்றாள். கோழியக்கா தப்பாக நினைக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள்.

அழுது தீர்க்க அவளுக்கு நேரமில்லை. இருந்த கோழிகளைக் கம்பெனி வண்டி ஏற்றிக்கொண்டு போனதும் தொட்டியைத் திறந்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்தாள். பழைய குழாய்க்காரரையே கூப்பிட்டு வீட்டுக்குத் தனித் தொட்டி வைக்கச் சொன்னாள்.

"நல்லாத்தானேக்கா இருந்துச்சு" என்றார் அவர்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். நீங்க போட்டுட்டுப் போய்ட்டீங்க, நாங்கதானே குடிச்சோம்."

அடுத்த குஞ்சுகளோடு கம்பெனித் தம்பி வந்தான். பண்ணை பண்ணையாகப் போய் மேற்பார்வை பார்ப்பது அவன் வேலை. எப்போதும் அவசரத்திலிருப்பான். மஞ்சள் டப்பாவை இறக்கிவைத்தான்.

"அத எடுத்துட்டுப் போங்க தம்பி."

"எல்லாரும் ஊத்தறாங்கக்கா. நீங்க ஊத்தாம கோழி செத்துச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது."

"உங்கள எதுக்குக் கேக்கறேன்? செத்த கோழியையே கேட்டுக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொட்டகைச் சுவரின்மேல் வைத்தான். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குஞ்சுகள் விளக்கடியில் பரவலாகப் படுத்தன, தீனி எடுத்தன. பொடி இல்லாததால் குளிராவது படாமலிருக்கட்டும் என்று கோழியக்கா படுதாவை மேல் நுனிவரை இறுக்கி மூடிவைத்தாள். வீட்டுக்குள் தராசின் புண் அடியிலிருந்து சிவப்பாக, ஆரோக்கியமாக மேலே வந்துகொண்டிருந்தது. அவர் வாசல் நாற்காலியில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, போவோர் வருவோரை எல்லாம் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலையில் கொட்டகைச் சத்தம் மாறியது. ஆரோக்கியமான குஞ்சுக் கூட்டம் சலசலவென்று ஒரே சீராகப் பேசும். அன்று அதற்கு நடுவே கொறகொறவென்று ஒரு இழுப்பு. சில குஞ்சுகள் கண்ணை மூடி வாயைத் திறந்திருந்தன. மூலையில் நாலைந்து செத்துக் கிடந்தன. மறுநாள் இன்னும் கூடுதலாகக் கிடந்தன.

கம்பெனித் தம்பி போனில், "நான் அப்பவே சொன்னேனேக்கா. ரெண்டே நாள் ஊத்துங்க, சரியாயிடும்" என்றான்.

அதைவிடப் பெரிய தொந்தரவு வாசல் நாற்காலியிலிருந்து வந்தது.

"ஊத்திடு" என்றார் தராசு. "என் காலுக்காகக் கொட்டகையக் காலி பண்ணாத. கால் போனாலும் உக்காந்துக்கிட்டு எடை சொல்லலாம். கோழி போச்சுன்னா சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"கால் போனா உங்களத் தூக்கிக் குளிப்பாட்டறது யாரு, நீங்களா? உங்க எடை எனக்குத் தெரியும். கொஞ்சம் சும்மா இருங்க."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, கொட்டகைக்குள் போனதும் அவள் கை சுவரின்மேல்தான் போயிற்று. டப்பாவை இறக்கினாள், மூடியைத் திருகினாள். பழகிய வாடை வந்தது. ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் போதும், மனசு ஆறிவிடும். வீட்டுக்குத்தான் தனித் தொட்டி இருக்கிறதே என்று ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் உமிக்கு எங்கே தனித் தொட்டி? தினமும் உள்ளே போய் வருகிற அவள் கைக்கு எது தனித் தொட்டி? மூடியைத் திருகி மூடினாள். செத்த குஞ்சு இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு, கால்நடை டாக்டரைத் தேடிப் போய்க் கையோடு கூட்டிவந்தாள்.

அவர் நரைத்த மீசைக்காரர், முழங்கால் வலிக்காரர். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தார், மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். பிறகு கொட்டகைக்குள் வந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே உமியின்மேல் குந்தினார். அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"எதுக்கு டாக்டர் அழறீங்க?" என்றாள் கோழியக்கா.

"நீயும் குந்தும்மா, தெரியும்."

குந்தினாள். நின்றபோது தெரியாத ஒரு காரம் மூக்கில் ஏறியது, கண் எரிந்தது. இத்தனை வருடத்தில் குஞ்சின் உயரத்துக்கு அவள் மூக்கைக் கொண்டுபோனதே இல்லை.

"படுதாவ இப்படி மூடி வெச்சா காத்து எங்கிருந்து வரும்? உமியக் கிள்ளிப் பாரு, அடை மாதிரி இறுகிக் கிடக்கு. தண்ணிக் குழாய்ல கோழி கொத்திக் குடிக்கற மூக்குல பாதி ஒழுகுது. ஈர உமியும் எச்சமும் சேர்ந்தா இந்தக் காரம் வரும். குஞ்சோட மூச்சுக்குழாய் வெந்துபோயிருக்கு. இதுக்கு மருந்து காத்தும் காஞ்ச உமியும். பொடியக் கரைச்சு ஊத்தினா கொஞ்ச நாள் மூடி மறைக்கும். இத்தனை நாளும் அது மறைச்சதைத்தான் இப்பப் பார்க்கற."

"அப்ப மருந்தே வேணாமா?"

"காத்தத் திறந்துவிடு. அதுக்கப்புறமும் சாவு நிக்கலன்னா கூப்பிடு, எது தேவையோ அதைச் சோதிச்சுட்டு நானே எழுதித் தர்றேன்."

அன்று சாயங்காலத்துக்குள் படுதாக்கள் மேலே ஒரு கை அகலம் திறந்தன. கோழியக்கா முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறுகிய உமியை வெட்டி எடுத்துப் புது உமி பரப்பினாள். ஒழுகும் குழாய் மூக்குகளைக் கழற்றி, கொதிநீரில் போட்டு, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி வாசலுக்குக் கொண்டுவந்தாள். தராசு மடியில் தட்டு வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ரப்பர் வளையம் மாற்றினார். கையுறை போட்டுத்தான் செய்யவேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். கையுறை போட்ட கையால் எடை தெரியாது என்று முதலில் முரண்டு பிடித்தார். "ரப்பர் வளையத்துக்கு எடை பார்த்து யாருக்கு அனுப்பப் போறீங்க?" என்றாள்.

மறுநாளும் குஞ்சுகள் செத்தன. அவள் டப்பா இருந்த பக்கம் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள் குறைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கொறகொறப்பு போய்ப் பழைய சலசலப்பு திரும்பிவிட்டது. நஷ்டம் நஷ்டம்தான், அது ஊதினால் பறந்துவிடாது. ஆனால் கொட்டகை நின்றது. கம்பெனித் தம்பி வந்து பார்த்தான், அங்குமிங்கும் நடந்தான், ஒழுகாத குழாய் மூக்குகளைத் தொட்டுப் பார்த்தான். சுவரிலிருந்த டப்பாவைத் தானாகவே எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, அவசரத்துக்கு வேணாமா?"

"இங்க காரமே அடிக்கலையேக்கா" என்றான். "அந்த ரப்பர் வளையம் எங்க வாங்கினீங்க?"

கம்பெனி வண்டி வந்து கோழி பிடிக்கும் நாளுக்குச் சற்று முன்பு நர்ஸம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். விரல் இருந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் முழுசாக மூடியிருந்தது. சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். சூடு இல்லை, கசிவு இல்லை. புதுக் கட்டு எடுக்கப் பெட்டிக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"அவ்வளவுதான். இனி எனக்கு இங்க வேலை இல்ல."

"பாதம்?" என்றாள் கோழியக்கா.

"பாதம் உங்களுது. தினமும் கண்ணால பாருங்க, வெறுங்காலோட நடக்கவிடாதீங்க. மாத்திரைய மறந்தார்னா என்கிட்டச் சொல்லுங்க."

தராசுக்கு முழங்கால் வரை வரும் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள். கொட்டகை வாசலில் கிருமிநாசினி நிரப்பிய தட்டு இருந்தது. விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து, அவர் காலை பூட்ஸுக்குள் அவளே நுழைத்தாள். அவர் தட்டில் மிதித்து, உள்ளே போய், கம்பி வலைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கோழியைத் தூக்கினார். எடை சொன்னார். கோழியக்கா அதை நிஜத் தராசில் வைத்துப் பார்த்தாள். நிறையவே தப்பு.

"ஒரு விரல் குறைஞ்சதுல தராசு சாய்ஞ்சிடுச்சு" என்றாள்.

"தராசு சரியாத்தான் இருக்கு. கோழி ஏமாத்துது" என்றார் அவர். அடுத்த கோழியைப் பிடிக்கக் குனிந்தார்.

நர்ஸம்மா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தவள் திரும்பி, "அக்கா, தொண்டை வறண்டு போச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள்.

கோழியக்கா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பார்த்தாள். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்ஸம்மா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.